வசந்த விடுமுறையும் ஃபுளோரிடாவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம் விடுமுறை விடுவது வழக்கம். இதனை வசந்த விடுமுறை என்பர். அப்போது வடபகுதி மாநிலங்கள் பலவற்றில் குளிர் முற்றும் நீங்கியிராது. ஆகவே குடும்பங்கள் தென்கோடியிலுள்ள ஃபுளோரிடாவை நோக்கிப் புறப்படுகின்றன. மூன்று நான்கு நாட்கள் கப்பலில் பஹாமாத் தீவுகள் வரை ஒரு சுற்று. எஞ்சிய நாட்கள் ஆர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள டிஸ்னி உலகில். இத்தகைய திட்டத்தை எந்தப் பயண முகவரும் நொடியில் வகுத்துக் கொடுப்பார். ஆனால் உல்லாசக் கப்பலும் கேளிக்கைப் பூங்காவும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காரணங்களால் தோன்றியவை. அவை ஃபுளோரிடாவில் வந்து கூடிய வரலாறு சுவையானது. அதில் கசப்பும் உண்டு.

கப்பலிலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியின் ஹாம்பர்க்-அமெரிக்கா கப்பல் நிறுவனத்தில் ஆல்பர்ட் பாலின் என்றொரு நிர்வாகி இருந்தார். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடல் கொந்தளிக்கும், பயணிகள் குறைந்துவிடுவர், பெரிய கப்பல்கள் துறைமுகத்தில் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் கப்பலுக்கும் செலவு உண்டல்லவா? 1891 ஜனவரியில் 'அகஸ்தா விக்டோரியா' என்ற கப்பலை அவர் மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். 241 பயணிகள், ஏறக்குறைய இரண்டு மாதப் பயணம். ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக அன்றிப் பயணத்துக்காகவே பயணம் என்ற கருத்து இதில் வெற்றி கண்டது. 1900இல் இதற்கென்றே ஒரு கப்பல் கட்டப்பட்டது. செல்வர்களுக்கு மட்டுமே எட்டிய அந்தக் கப்பல் 1906இல் ஜமாய்க்காக் கரையருகே தரைதட்டி அழிந்தது; பயணிகள் உயிர் தப்பினர்.

பாலினுக்குக் குளிர்காலம் செய்ததை, பிற்காலக் கப்பல் நிறுவனங்களுக்கு ஜெட் விமானம் செய்தது. 1958இல் அட்லாண்டிக்கின் மேல் ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கின. ஐந்தாறு நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. பத்தே ஆண்டுகளில் பெருங்கப்பல்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. இந்நிலையில் நார்வே நாட்டுக் கப்பல் அதிபர் நுட் குளோஸ்டர், ஐரோப்பாவில் போதிய வருவாய் ஈட்டாத தமது 'சன்வார்ட்' கப்பலை 1966 டிசம்பரில் மயாமித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, பஹாமாவின் நாசோவுக்கு ஓட்டலானார். பயணியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதில் விமானத்துடன் போட்டியிட முடியாது. ஆனால் விமானத்தில் மயாமிக்கு வந்திறங்குபவரைக் கப்பலில் ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா? பகைவனையே துணைவனாக்கிக்கொண்ட உத்தி இது.

ஏன் நாசோ என்று கேட்கலாம். அது அருகிலிருக்கிறது என்பது பாதி விடைதான். அயல்நாட்டில் பதிவான கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்புவதானாலும், வழியில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டு வரவேண்டும். உல்லாசக் கப்பல்களோ பெரும்பாலும் பஹாமா, பனாமா போன்ற நாடுகளின் கொடியை ஏற்றிச் செல்பவை. அந்நியக் கொடி பறப்பதால் அமெரிக்கக் கூலிச் சட்டங்கள் பெரும்பாலும் மாலுமிகளையும் பணியாட்களையும் காப்பதில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வரும் இவர்கள் பல மாதங்கள் தொடர்ந்து வேலை செய்கின்றனர். ஒரு குடும்பம் ஒரு வாரம் ஓய்வெடுக்கக் கட்டும் கட்டணம் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

மாணவர்கள் ஃபுளோரிடாவுக்கு வரத் தொடங்கியது கப்பலுக்காக அல்ல, நீச்சலுக்காக! ஃபோர்ட் லாடர்டேல் நகரில் 1928இல் கடற்கரையை ஒட்டி ஒரு பெரிய நீச்சல் குளம் திறக்கப்பட்டது. 1930களில் வட மாநிலக் கல்லூரிகளின் நீச்சல் அணிகள் குளிரிலிருந்து தப்பி இங்கே பயிற்சிக்கு வந்தன. பின்னர் நீந்தத் தெரியாதவர்களும் வந்தனர். 1960இல் இவ்வூர் விடுமுறையைக் கதைக்களமாகக் கொண்ட ஒரு திரைப்படம் வெளியானபின் கூட்டம் பெருகியது. 1985இல் சுமார் 3.5 லட்சம் மாணவர்கள் குவிந்தனர். இனி வரவேண்டாம் என்று நகரமே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

அந்தத் திரைப்படம் ஓடிய காலத்தில் அதே கடற்கரையில் கறுப்பின மக்கள் கால் நனைக்க முடியாது. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட தொலைதூரக் கரைக்குச் சரியான சாலைகூட இல்லை. 1961 ஜூலை 4ஆம் நாள், அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, யூலா ஜான்சன் என்ற அம்மையாரும் மருத்துவர் வான் மிசலும் கறுப்பின மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, வெள்ளையருக்கென்றிருந்த கடற்கரையில் இறங்கினர். வேறு ஏதும் செய்யவில்லை. நீரில் இறங்கினர், அவ்வளவே. அக்கோடையில் இது மீண்டும் மீண்டும் நடந்தது. நகர நிர்வாகம் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. 1962இல் நீதிமன்றம் நகரின் கோரிக்கையை மறுத்தது. கடற்கரை எல்லோருக்கும் திறந்தது. ஃபுளோரிடாவின் விடுமுறை வரலாற்றில் எந்தக் கப்பலின் வெள்ளோட்டத்தையும்விட இந்நாளையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இனிப் பூங்காவுக்கு வருவோம். நம் திருவிழா ராட்டினத்தின் பெரிய உறவினர்கள் நியூயார்க்கின் கோனித் தீவில் வளர்ந்தனர். அங்கே 1895இல் பயணிகளைத் தலைகீழாகச் சுழற்றும் ஒரு ரோலர் கோஸ்டர் அமைத்தனர். அதன் வளையம் சரியான வட்டம். வந்தது கழுத்து வலி. காரணம் எளிய இயக்கவியல்தான். வட்டத்தின் உச்சியில் வண்டி விழாமலிருக்க வேண்டுமானால் அடியில் மிகு வேகத்துடன் நுழைந்தாக வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், உராய்வே இல்லையென்று கொண்டாலும், நுழையும் கணத்தில் பயணி தம் எடையைப் போல் ஆறு மடங்கு அழுத்தத்தை உணர்வார். 50 கிலோ எடையுள்ள மாணவர் 300 கிலோவாகிவிடுவார்! வேகம் மிகுந்த அடிப்பகுதியில் வளைவின் ஆரம் பெரிதாகவும், வேகம் குறைந்த உச்சியில் சிறிதாகவும் இருந்தால் இத்தொல்லை குறையும். கண்ணீர்த்துளி போன்ற இவ்வளையத்தை ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வடிவமைத்து, 1976இல் கலிபோர்னியாவில் வெற்றிகரமாக நிறுவினார்.

வால்ட் டிஸ்னி 1955இல் கலிபோர்னியாவில் தமது முதற் பூங்காவைத் திறந்தார். அடுத்ததற்காக ஃபுளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல், வெவ்வேறு போலி நிறுவனங்களின் பெயரில் இரகசியமாக நிலம் வாங்கப்பட்டது. 1965இல் செய்தித்தாள்கள் மூலம் இரகசியம் வெளிப்பட்டதும் நிலத்தின் விலை எகிறியது. டிஸ்னி 1966இல் காலமானார். பூங்கா 1971 அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அந்நிலம் சதுப்பு, சிறிது தோண்டினாலே நீர் ஊறும். பணியாட்களும் குப்பையும் பார்வையாளர் கண்ணில் படாதிருக்கச் சுரங்கப் பாதைகள் வேண்டும். ஆனால் தோண்ட வழியில்லை. எனவே பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, அருகே ஒரு ஏரியை வெட்டி, அம்மண்ணைச் சுற்றிலும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் பூங்காவை எழுப்பினர். அங்கே தெருவில் நடப்பவர்கள் உண்மையில் இரண்டாம் தளத்தில் நடக்கின்றனர்! 1975இல் அங்கு அமைந்த விண்வெளி மலை என்ற ரோலர் கோஸ்டரின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டருக்குள்தான். இருட்டில் ஓடுவதால் அது பாய்ந்து பறப்பதாகத் தோன்றுகிறது.

இரண்டு ஓடைகளும் கூடிய இடம் கனவெரல் துறைமுகம். விண்வெளி ராக்கெட்டுகளால் பெயர்பெற்ற அம்முனையிலிருந்து டிஸ்னி உலகம் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் உள்ளது. 1984இல் பிரீமியர் என்ற நிறுவனம், ஐரோப்பாவில் உழைத்துத் தேய்ந்த ஒரு பழைய கப்பலுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, அங்கிருந்து பஹாமாவுக்கு ஓட்டியது. கப்பலில் சில நாள், பூங்காவில் சில நாள், எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் என்ற ஏழு நாள் திட்டத்தை அது விற்றது. தந்தையின் விடுப்பும் குழந்தையின் பள்ளி விடுமுறையும் அந்த ஏழு நாட்களில் அடங்கின. ஊதியத்துடன் விடுப்பு அளிக்கவேண்டும் என்ற தேசியச் சட்டம் அமெரிக்காவில் இல்லாததால், அங்கு ஒரு வாரம் என்பதே பலருக்குப் பெரிய காலம். இத்திட்டத்தின் வெற்றியைக் கண்ட டிஸ்னி நிறுவனம் தானே இத்தாலியில் கப்பல் கட்டி, 1998 ஜூலையில் அதே துறைமுகத்திலிருந்து செலுத்தியது. 2000இல் பிரீமியர் நிறுவனம் மூடப்பட்டது.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று பரவியபோது, வசந்த விடுமுறை நடுவே கப்பல்களும் பூங்காக்களும் ஒரே வாரத்தில் நின்றன. பூங்கா அவ்வாண்டு ஜூலையிலேயே திறந்தது. மூடிய அறைகளில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழும் கப்பல்களுக்கு அவ்வளவு எளிதில் அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கட்டணப் பயணிகளுடன் முதற் பெருங்கப்பல் மீண்டும் புறப்பட்டது 2021 ஜூன் 26 அன்று, ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து. அதன் தலைவர் கேட் மெக்யூ என்ற பெண்மணி.