லயத்து வாசலில் தயங்கிய மருத்துவமாது

இலங்கையின் முதலாவது மகப்பேற்று மருத்துவமனை 1879இல் கொழும்பில் திறக்கப்பட்டது. தூரக் கிராமத்துத் தாய்க்கு அதனால் பயன் இருக்கவில்லை. 1930களில்கூட ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் உயிரிழந்தனர். மலேரியாவும் இரத்தச்சோகையும் பிரசவத்தின் ஆபத்தைப் பெருக்கின.

மாற்றத்துக்கான வித்து 1926இல் களுத்துறையில் இடப்பட்டது. ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் அங்கு முதலாவது சுகாதாரப் பிரிவு உருவானது. பின்னர் அது ஏனைய பகுதிகளுக்கும் பரவியது. மருத்துவமாது ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. அவர் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவுசெய்தார், பிரசவம் பார்த்தார், சிக்கல் தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்பினார். மலேரியா ஒழிப்பும் கிராமிய மருத்துவமனைகளும் துணைசேர, 1950களின் நடுப்பகுதியில் மேற்படி இறப்பு 500க்கும் கீழிறங்கியது.

ஆனால் அந்தச் சேவை தேயிலைத் தோட்டங்களின் எல்லையில் தயங்கி நின்றது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் கம்பனிகளின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. அப்போதும் தமிழ் தெரிந்த மருத்துவமாதர் போதாமலிருந்தனர். வலியை எந்த மொழியில் சொல்வது?

மருத்துவம் தாயின் வாசலுக்கு வரவேண்டும் என்பதை நாடு 1926இலேயே அறிந்திருந்தது. லயத்திலும் ஒரு வாசல் உண்டு என்பதை உணரத்தான் அரை நூற்றாண்டு பிடித்தது.