கொறங்காடு: பட்டாவில் இல்லாத பெயர்கள்

மூலனூர்ப் பக்கம் என் சித்தப்பாவுக்கு 11 ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. மகன்கள் இருவரும் திருப்பூரில், பனியன் தொழிலில். சூரிய மின்பலகை நிறுத்த நிலம் கேட்டுத் தரகர்கள் வந்துபோகிறார்கள். சென்ற ஆண்டு அவர் என்னிடம் கேட்டார்: "காட்ட விக்காம, அழிக்காம அப்பிடியே வெச்சிருக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா கண்ணு? நீதான் படிச்சவனாச்சே." முதலில் இதைச் சட்டம் சார்ந்த கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டேன். தேடப்போனபோது அது வரலாறு சார்ந்த கேள்வியாகிவிட்டது.

கொறங்காடு என்பது காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களின் மானாவாரி மண்ணில், தனியார் பட்டா நிலத்தில் பேணப்படும் மேய்ச்சல் காடு. சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரம். காட்டை வேலியாலேயே துண்டுகளாகப் பிரித்து, மாடுகளை ஒரு துண்டில் சில காலம் விட்டு, புல் வேரோடு தேயுமுன் அடுத்ததற்கு மாற்றுவார்கள். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் தீனியாகும். சில வருஷங்களுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ போட்டு, மறுபடி புல்லுக்கு விடுவதும் உண்டு. இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று: மேய்ச்சல் நின்றால் இது கொறங்காடாக நீடிப்பதில்லை; சீமைக்கருவேல் ஏறிக்கொள்கிறது. பயன்பாடே இங்கு பாதுகாப்பு. 'மனிதனை விலக்கினால் இயற்கை பிழைக்கும்' என்ற சொல்லாடல் இந்த வேலிக்குள் செல்லுபடியாகாது.

ஆனால் ரயத்துவாரி முறை நமக்கு விட்டுச்சென்ற ஆவண மொழி நிலத்தை ஏரின் கண்கொண்டே வாசிக்கிறது. சித்தப்பாவின் பட்டாவில் அது புன்செய், அடங்கலில் தரிசு. காடு என்ற சொல்லும் இல்லை, மாடு என்ற சொல்லும் இல்லை. மாடு வேறு வழியாக வரலாற்றில் ஏறியது. பழையகோட்டைப் பட்டக்காரர்களின் மந்தைகளால் காங்கயம் இனம் புகழ்பெற்றது. தென்னிந்தியக் கால்நடைகள் பற்றி லிட்டில்வுட் 1936இல் எழுதிய நூலில் அதற்குத் தனி இடமுண்டு. மாட்டின் பெயரும் பட்டக்காரர் பெயரும் நூலேறின. காட்டை ஆக்கியவர்களின் பெயர் எதிலும் ஏறவில்லை.

காங்கயம் காளை ஏர் உழுதது, வண்டி இழுத்தது, கவலை இறைத்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. அது ஆலைகளை ஓட்டியது. பிறகு கிணற்று மோட்டாரையும் ஓட்டியது. கவலை நின்றதும் காளைக்கான தேவை குறைந்தது; மீதியை டிராக்டர் முடித்தது. 1980களில் பனியன் ஏற்றுமதி பெருகியபோது காட்டுக்காரர்களின் பிள்ளைகள் திருப்பூர் போனார்கள். அங்கு முதலாளிகளான கவுண்டர் குடியானவர்கள் தம் உயர்வை 'உழைப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிக்கொள்வதை ஷரத் சாரியின் ஆய்வு (2004) நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறது. யாருடைய உழைப்பு என்ற கேள்வியை நான் காட்டிலிருந்தே கேட்க விரும்புகிறேன்.

அதற்குமுன், சித்தப்பாவுக்காக நான் தேடிய வழிகள். அமெரிக்காவில் நில உடைமையாளர், நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுக்கலாம், பதிலுக்கு வரிச்சலுகை. நம் விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரியே கிடையாது. எனவே அந்தத் தூண்டில் இங்கு முள்ளில்லாதது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தம், உடைமையாளர் தாமாக முன்வந்தால் தனியார் நிலத்தையும் 'சமுதாயக் காப்பகம்' என அறிவிக்க இடம் தருகிறது. அறிவித்தபின், மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இன்றி நிலப்பயன்பாட்டை மாற்ற முடியாது. கட்டுப்பாடு தெளிவாக இருக்கிறது; காட்டுக்காரர் எதை வைத்துப் பிழைப்பது என்பது அந்தப் பிரிவில் இல்லை. பல்லுயிர்ச் சட்டத்தின் (2002) கீழ் பாரம்பரியத் தலங்கள் உண்டு. தமிழகத்தில் முதலாவதாக 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் அதே ஆண்டு பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நல்லதுதான். குளத்துக்குப் பறவை சாட்சி சொல்லும். கொறங்காட்டுக்குச் சாட்சி மாடு. அது சட்டத்தின் பார்வையில் 'வனவிலங்கு' அல்ல.

இந்த வழிகளில் முதல் இரண்டும் தனியார் நிலத்தில் பட்டாதாரர் இன்றித் தொடங்குவதில்லை. இந்த மௌனத்தைத்தான் வாசிக்க வேண்டும். சித்தப்பாவின் காட்டில் நாற்பது வருஷம் வேலி கட்டி, மாடு மாற்றியவர் ஒரு மாதாரிப் பெரியவர். அவரைப் போய்ப் பார்த்தேன். "பில்லு தானா மொளைக்குமுங்க சாமி. மாட்ட எப்ப உள்ள உடறது, எப்ப வெளிய ஓட்டறதுன்னு தெரியோணுமில்லீங்க," என்றார். 'சாமி' வேண்டாம் என்றேன். அவர் நாக்கு கேட்கவில்லை. பையனாக இருந்தபோது அவரை 'டா' போட்டுக் கூப்பிட்டவன்தான் நான். ஆடு மேய்க்கும் பண்ணையத்துச் சிறுவர்களைப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நமக்கு முன்னால் நிறுத்தி இத்தனை வருஷமாகியும், கொறங்காட்டைப் பற்றிய பெருமிதப் பேச்சில் அவர்கள் வருவதில்லை. 2017 ஜனவரியில் காளைக்காக மெரினாவில் கூடினோம். காளை எங்கே மேயும், யார் மேய்ப்பார் என்ற கேள்வி ஓரமாகவே நின்றது. மரபு என்று நாம் கொண்டாடுவது பாதி அறிவு, பாதி அடிமைத்தனம். முதலாவதைக் காப்பாற்றி இரண்டாவதை ஒழிப்பது எப்படி என்பதுதான் பாதுகாப்பின் அரசியல்.

சித்தப்பாவிடம் இதைத்தான் சொன்னேன்: "மாடு இருக்கறவங்க, காடு இல்லாதவங்க நாலு குடும்பத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேய்ச்சல் குத்தகைய எழுதிக் குடுங்க. அந்தப் பெரியவர் வீட்டையும் சேத்துக்கங்க. துண்டு மாத்தற கணக்கையும் பத்திரத்துல போடலாம்." அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வருஷக் குத்தகைன்னா வாய்ப்பேச்சா உடலாம். எழுதிக் குடுத்தா காடு போயிருமே கண்ணு," என்றார்.

1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் விதைத்த அச்சம் அது. எழுபது ஆண்டுகளாகக் காட்டுக்காரர்கள் காகிதத்தில் கையெழுத்திடாமல் இருப்பதையே தற்காப்பாகக் கொண்டிருக்கிறார்கள். மின்பலகைக் கம்பெனிக்கு மட்டும் நீண்டகாலக் குத்தகை எழுதத் தயங்குவதில்லை; கம்பெனி நிலம் கேட்காது என்ற நம்பிக்கை. மேய்ப்பவன் கேட்பான் என்ற பயம். கொறங்காட்டைக் காக்க நினைக்கும் நண்பர்கள் புல்லையும் கிளுவையையும் எண்ணத் தொடங்குமுன் இந்தப் பயத்தோடு பேச வேண்டியிருக்கும். நானும் என் வீட்டில்தான் தொடங்கியிருக்கிறேன். சித்தப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. தரகர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.