கெட்டும் மலை ஏறியவர்கள்: மூணாறும் பீர்மேடும் சொல்லும் கணக்கு

"கெட்டும் பட்டணம் சேர்" என்று ஊர்நாட்டில் சொல்லுவாங்க. நிலம் போய், கையிருப்பு கரைந்து, கடன் முட்டிய குடும்பம் பட்டணம் போனால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்பது அதன் கருத்து. ஆனால் நம்ம சனத்தில் ஒரு பெரும் பகுதி பட்டணம் போகவில்லை, மலை ஏறியது. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் அன்பர்கள் சிலருடைய பாட்டனும் பாட்டியும் அப்படி ஏறியவர்களாக இருக்கக்கூடும்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். பாலக்காட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஜவுளி வியாபாரம் செய்தவன். எனக்குப் பேரேடு படிக்கத் தெரியும். வரலாறும் ஒருவகைப் பேரேடுதான். வரவு யார் பேரில், பற்று யார் பேரில் என்று பார்த்துக்கொண்டே போனால் பல செய்திகள் விளங்கும். அந்தக் கண்ணோடுதான் இடுக்கி மலைகளின் கதையை இங்கே எழுதுகிறேன்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தின் நடுவிலேதான், 1877 ஜூலையில், ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். கீழே சமவெளியில் சோற்றுக்கு வழியில்லை. மேலே முதுவர்கள் வாழ்ந்த காடு தோட்டமாக மாறத் தொடங்கியது. காப்பி, சிங்கோனா என்று பலதும் நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்தது.

திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார் ஆள் கூட்டி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். புறப்படும்போதே கங்காணி கையில் முன்பணம் வைப்பார். அந்தப் பணம் ஊரிலிருந்த கடனை அடைக்க உதவியது. ஆனால் மலையில் கால் வைத்த முதல் நாளே தொழிலாளி பேரில் பற்று எழுதப்பட்டாயிற்று. வேலை செய்து அதைக் கழிப்பதற்குள் பலருக்கு ஆயுசே போனது.

அடுத்த பெரிய வீழ்ச்சி 1924 ஜூலையில் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் "தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்" என்கிறார்கள். அதற்கு முன்பு மூணாற்றில் ரயில் ஓடியது என்றால் இளைய தலைமுறை நம்பாது. குண்டளப் பள்ளத்தாக்கு வழியாக 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் சிறு ரயிலாக மாறிய பாதை அது. மூணாற்றுத் தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் போகும். அங்கிருந்து கம்பிவழியில் தொங்கிக்கொண்டு நம்ம தேனிப் பக்கத்துக் கொட்டகுடியில் இறங்கும். பிறகு வண்டியேறிப் போடிநாயக்கனூர் சேரும். அந்த மழையும் மலைச்சரிவும் ரயில் பாதையை அடியோடு அழித்துவிட்டன. ஆலுவாவிலிருந்து வந்த பழைய சாலையும் போயிற்று.

இவ்விடத்தில் ஒரு வியாபாரப் பாடம் இருக்கிறது. கம்பெனி அந்த ரயிலைத் திரும்பக் கட்டவில்லை. போனதைப் போனபடியே மீட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்னும் முதல் முழுகியிருக்கும். தேயிலைச் செடி வேரோடு நின்ற மட்டிலும் தொழில் மீளும். வழியை மட்டும் மாற்றினால் போதும். திருவிதாங்கூர் அரசு நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதுச் சாலை போட்டது. 1931இல் அது திறக்கப்பட்டது. 1935இல் நேரியமங்கலம் பாலமும் வந்தது. கிழக்கே போடியைப் பார்த்திருந்த மூணாறு, மேற்கே கொச்சியைப் பார்க்கத் தொடங்கியது. கம்பெனி எழுந்தது. ஆனால் மண் அள்ளி, கல் சுமந்து, செடியைக் காத்த கைகளின் பேரில் அந்தப் பேரேட்டில் என்ன வரவு ஏறிற்று? லயத்து அறை அப்படியே இருந்தது. கங்காணியின் பற்றும் அப்படியே இருந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் வரவே 1951 ஆயிற்று.

மூன்றாவது வீழ்ச்சியை நானே கண்ணால் பார்த்தேன். இந்தியத் தேயிலையைப் பெருவாரியாக வாங்கிக்கொண்டிருந்த சோவியத் நாடு 1991இல் சிதறியது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் விலை சரிந்தது. 2000 முதல் பீர்மேடு வட்டாரத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கூலி பாக்கி, பி.எஃப். பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி.

வண்டிப்பெரியாறு பக்கத்தில் ஒரு சிறு கடைக்காரருக்கு நான் லுங்கியும் புடவையும் கடனுக்கு அனுப்பி வந்தேன். பணம் வருவது நின்றதும் நேரில் போனேன். அவர் தன் பற்று நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் லயத்துக் குடும்பங்கள். "இவங்ககிட்ட என்னன்னு கேக்கறது அண்ணாச்சி? பெரட்டுக்குக் கூப்பிட ஆள் இல்லையே" என்றார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்தத் தொகையை நான் மறந்தே போனேன், அவர் மறக்கவில்லை. நாலைந்து வருஷத்தில் இருநூறும் ஐந்நூறுமாகக் கொடுத்துத் தீர்த்தார். எப்படி முடிந்தது என்று கேட்டேன். பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து ஏலத் தோட்டத்து வேலைக்குப் போனார்கள். பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். கைவிடப்பட்ட செடியில் தாங்களே கொழுந்து கிள்ளி விற்றார்கள். முதலாளி எழுந்திராத இடத்தில் தொழிலாளி தானே எழுந்துகொண்ட கதை இது.

அதே காலத்தில் மூணாறு வேறு வழி கண்டது. அங்கும் நஷ்டம். டாட்டா டீ நிறுவனம் தோட்டத் தொழிலிலிருந்து விலக முடிவு செய்தது. பூட்டிவிட்டுப் போவதற்குப் பதில், 2005 ஏப்ரலில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி அமைந்தது. பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர் கைக்கு வந்தன. 12,000 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கொழுந்து கிள்ளுகிறவளும் பங்குதாரர். முதல் ஆண்டிலேயே லாபம் வந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பேரேட்டில், தொழிலாளி பேர் முதன்முதலாக வரவுப் பக்கத்தில் எழுதப்பட்டது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் கணக்கை இங்கே மூடிவிடக் கூடாது. 2015இல் விலை குறைந்து லாபம் இறங்க, போனஸ் 10 சதவீதம் என்று அறிவித்தார்கள். அப்போது தினக்கூலி 232 ரூபாய். செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள், கட்சிச் சங்கங்களையும் ஒதுக்கிவிட்டு, பெண்பிளை ஒருமை என்ற பேரில் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் கழித்து, போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. அக்டோபரில் கூலி 301 ரூபாய் ஆயிற்று. பங்குதாரரே ஏன் தெருவுக்கு வந்தார் என்று பலர் வியந்தார்கள். வியாபாரிக்கு இது புரியும். பங்குப் பத்திரம் வருஷத்துக்கு ஒருமுறை பேசும்; அடுப்பு தினமும் பேசும்.

இன்னொன்றும் உண்டு. 1971 சட்டத்தின்படி அந்த மலையை அரசு எடுத்துக்கொண்டு, தேயிலை நிலத்தைக் கம்பெனியிடம் விட்டது. லயம் நிற்கும் மண் தொழிலாளி பேரில் இல்லை. ஓய்வு பெற்றால், வீட்டில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லையென்றால், அறையைக் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டபோது, நாலு தலைமுறை உழைத்தும் சொந்த வீடில்லாதவர்கள் என்ற உண்மை உலகத்துக்குத் தெரிந்தது.

ஆகவே அன்பர்களே, கெட்டவர் எழுந்தார் என்று யாராவது சொன்னால், கூலி வந்ததா, கடன் தீர்ந்ததா என்பதோடு நிறுத்தாமல், அவர் பேரில் என்ன எழுதப்பட்டது என்றும் கேட்க வேண்டும். அந்த லயங்களிலிருந்து படித்து வந்து இன்று பட்டணங்களில் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் நம் சங்கங்களில் இருக்கிறார்கள். அம்மாவின் கிராஜுவிட்டி வந்து சேர்ந்ததா, பங்குப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, ஓய்வுக்குப் பின் அவர் தலைசாய்க்க மூணு சென்ட் நிலம் உண்டா என்று இந்தப் பொங்கலுக்கு ஊர் போகும்போது விசாரியுங்கள். அந்த மூணு சென்ட் அவர் பேரில் பதிவாகும் நாளில்தான், 1877இல் தொடங்கிய அந்தப் பற்று தீர்ந்ததாக நான் எழுதுவேன்.