பால்டர்ஸ் கேட் 3: ஆட்டச் சமநிலையும் தோழர் பாத்திரங்களும்

பால்டர்ஸ் கேட் 3 என்பது பெல்ஜியத்தின் கெண்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லேரியன் ஸ்டூடியோஸ் நிறுவனம் உருவாக்கி, 2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கு வெளியிட்ட பாத்திரமேற்பு விளையாட்டாகும். ஆடுபவர் ஒரு கதைமாந்தராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, அம்மாந்தரின் சொல்லையும் செயலையும் தாமே தேர்ந்து கதையை நடத்திச் செல்லும் ஆட்டவகைக்குப் பாத்திரமேற்பு என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசையாட்டிலிருந்து இவ்வகை பிறந்தது. அதன் ஐந்தாம் பதிப்பு விதிகளே பால்டர்ஸ் கேட் 3இன் அடிப்படை. மேசையாட்டில், டஞ்ஜன் மாஸ்டர் எனப்படும் நடுவர் ஒருவர் கதையைச் சொல்லி, எதிரிகளை இயக்கி, ஆட்டம் ஒரு பக்கம் சாயும்போது அதை நேராக்கவும் செய்வார். அந்த நடுவர் இல்லாத கணினியில் சமநிலையை முன்கூட்டியே விதிகளுக்குள் வைத்தாக வேண்டியிருக்கிறது. அதே கணினி, ஆடுபவருடன் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த நண்பர்களின் இடத்தையும் நிரப்ப வேண்டும். அந்த இடத்தில் அமர்த்தப்பட்டவர்களே தோழர் பாத்திரங்கள். இவ்விரு பணிகளும் தனித்தனியானவை என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், இவ்விளையாட்டைப் பொறுத்தவரை ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும்படியே அவை பின்னப்பட்டுள்ளன.

மலேசிய வாசகருக்கு இது முற்றிலும் அயலாருடைய ஆக்கமன்று. லேரியனின் பணிமனைகளுள் ஒன்று கோலாலம்பூரில் இயங்குகிறது. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறிப் பண்ணைகளுக்கும் நடுவே அமைந்த திரிங்காப்பிலிருந்து சாலைவழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் இறங்கிச் சென்றால் எட்டிவிடக்கூடிய நகரில் இதன் ஒரு பகுதி உருவானது என்பது, இத்துறையில் நுழைய விரும்பும் உள்ளூர் இளைஞர் அறிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி.

விளையாட்டின் அடிப்படைக் கருவி 20 பக்கங்கள் கொண்ட பகடை. வாள் வீசுவது, பூட்டைத் திறப்பது, காவலனிடம் பொய் சொல்லித் தப்புவது என எதுவாயினும், பகடையில் விழும் எண்ணுடன் பாத்திரத்தின் திறனுக்குரிய கூட்டெண்ணைச் சேர்த்து, அத்தொகை குறிக்கப்பட்ட இலக்கை எட்டுகிறதா என்று பார்க்கப்படுகிறது. தாயக்கட்டையோடு ஒப்பிட்டால் இதன் தன்மை எளிதில் விளங்கும். 0, 1, 2, 3 எனக் குறியிட்ட இரு கட்டைகளை உருட்டும்போது உள்ள 16 வாய்ப்புகளில் மூன்று விழ நான்கு வழிகளும், தாயம் விழ இரண்டு வழிகளும், ஆறு விழ ஒரே வழியும் இருப்பதால், சில எண்கள் அடிக்கடியும் சில எண்கள் அரிதாகவும் வருகின்றன. ஒற்றை 20 பக்கப் பகடையில் அத்தகைய சாய்வு இல்லை. ஒவ்வோர் எண்ணும் 5 விழுக்காடுதான். ஆகவே கூட்டெண்ணில் ஒன்று ஏறினாலும் இறங்கினாலும் வெற்றிவாய்ப்பு பெரும்பாலும் சரியாக 5 விழுக்காடு மாறுகிறது. இந்தத் தெளிவு வடிவமைப்பாளருக்குப் பெரிய வசதி. ஆடுபவருக்கோ, எளிய அடி ஒன்று மூன்று முறை தொடர்ந்து தவறும்போது எரிச்சலூட்டும் அநீதியாகவே தோன்றுகிறது.

ஐந்தாம் பதிப்பு இந்தக் கூட்டெண்கள் அளவுமீறி வளராதபடி கட்டுப்படுத்துகிறது. பயிற்சிக்குரிய ஊக்கம் முதல் நிலையில் 2ஆகத் தொடங்கி, பால்டர்ஸ் கேட் 3இன் உச்சமான 12ஆம் நிலையிலும் 4ஐத் தாண்டுவதில்லை. அதனால் தொடக்கத்தில் எதிர்ப்படும் சிறு எதிரிகூடக் கூட்டமாக வந்தால் இறுதிவரை அச்சுறுத்தலாகவே இருக்கிறது. இவ்வாறு எண்களின் எல்லை குறுகலாக இருக்கையில், சிறு சலுகையொன்றை எந்த வடிவில் வழங்குவது என்பதே சமநிலையைத் தீர்மானித்துவிடும். முழு வெளியீட்டுக்கு முன்பே, 2020 அக்டோபர் 6 முதல், முதற்பாகம் மட்டும் முன்னோட்டமாக விற்கப்பட்ட காலத்தில், மேட்டில் நின்று தாக்குபவர் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. கூட்டெண் 5 உடைய வில்லாளி 15 என்ற காப்பெண் கொண்ட எதிரியை எய்தால் வெற்றிவாய்ப்பு 55 விழுக்காடு. இருமுறை உருட்டினால் அது ஏறத்தாழ 80ஆக உயர்கிறது. எவ்வகைப் போரிலும் மேட்டை நோக்கி ஓடுவதே முதல் வேலை என்று ஆகிவிட்ட நிலையில், பின்னர் அச்சலுகை வெறும் 2 கூட்டெண்ணாகக் குறைக்கப்பட்டது. அதே எய்தலின் வாய்ப்பு இப்போது 65 விழுக்காடு. மேடு இன்னும் பயனுள்ளதுதான், ஆனால் மற்ற உத்திகளை விழுங்கிவிடும் அளவுக்கு அன்று. தோல்விகள் தொடர்ச்சியாக அடுக்கி வராமல் தடுக்கும் ‘கார்மிக் டைஸ்’ என்ற அமைப்பும் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. தூய பகடையை விரும்புவோர் அதை அணைத்துவிடலாம்.

எண்களைவிடக் கடினமான சிக்கல் ஓய்வில் இருக்கிறது. டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரவாதியின் வலிய மந்திரங்கள் நீண்ட ஓய்வுக்குப் பின்னரே மீளும். வார்லாக் எனப்படும் ஒப்பந்த மந்திரவாதிக்குக் குறுகிய ஓய்வே போதும். வாள்வீரனுக்கோ வாள் என்றும் கையில் இருக்கிறது. ஒரே நாளில் பல மோதல்கள் நிகழ்ந்தால்தான் இம்மூவரும் ஏறத்தாழச் சமமாக இருப்பார்கள். 2014இல் வந்த நடுவர் கையேடு நாளொன்றுக்கு ஆறிலிருந்து எட்டு மோதல்கள் என்று கணக்கிடுவது இதனால்தான். கணினியில் ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் ஆடுபவர் கூடாரத்துக்குத் திரும்பிப் படுத்துவிட முடியும் என்பதால் அக்கணக்கு குலைந்து, மந்திரவாதியின் கை ஓங்கிவிடுகிறது. நீண்ட ஓய்வுக்கு 40 அளவு உணவுப்பொருள் செலவாகும் என்று லேரியன் வைத்த தடை மிக மெலிந்தது. பீப்பாய்களிலும் பெட்டிகளிலும் ரொட்டியும் பழமும் குவிந்து கிடக்கும் உலகில் யாரும் பசியால் விழித்திருக்கப் போவதில்லை.

அத்தடை ஏன் மெலிந்திருக்கிறது என்பதற்கான விடை தோழர்களிடம் கிடைக்கிறது. அவர்களுடைய உள்கதைகளில் பெரும்பகுதி இரவு முகாமில், நீண்ட ஓய்வின்போதே வெளிப்படுகிறது. சிக்கனமாக ஆடி, ஓய்வைத் தள்ளிப்போடுபவர் போரில் தேர்ந்தவராக இருப்பார், ஆனால் பல உரையாடல்களை அறியாமலே கடந்துவிடுவார். சமநிலைக்காக ஓய்வை இறுக்கினால் கதை பட்டினி கிடக்கும். கதைக்காகத் தளர்த்தினால் போர் எளிதாகும். லேரியன் கதையின் பக்கம் சாய்ந்தது. விதிப்பற்றுடையோர் இதைக் குறையென்பர். ஆயினும் இவ்விளையாட்டு நினைவுகூரப்படுவது அதன் மாந்தர்களுக்காக என்பதால், அத்தேர்வு தவறென்று சொல்வதற்கில்லை.

கதையும் எண்ணும் ஒன்றாகக் கலக்கும் இடத்துக்குச் சிறந்த சான்று அஸ்டேரியன் என்னும் திருடன். இரத்தம் குடித்து வாழும் வாம்பயர் இனத்தவனான இவன், ஓரிரவில், உறங்கும் குழுத் தலைவரின், அதாவது ஆடுபவர் ஏற்ற பாத்திரத்தின், கழுத்தருகே குனியும்போது பிடிபடுகிறான். அவனை விரட்டலாம், மறுக்கலாம், கொஞ்சம் குடிக்கவும் விடலாம். இசைந்தால் மறுநாள் முழுதும் தலைவரின் பகடையில் ஒன்று குறையும்; அஸ்டேரியனுக்கோ ஒன்று கூடும். நம்பிக்கை என்பது இங்கே வெறும் வசனமாக நின்றுவிடாமல் 5 விழுக்காட்டு இழப்பாக உடலில் தங்குகிறது. மந்திரவாதி கேல் தன் நெஞ்சிலுள்ள மந்திரக் கேட்டைத் தணிக்க, விலைமதிப்புள்ள மந்திரப் பொருள்களை விழுங்கக் கேட்பதும் இத்தகையதே: தோழனைக் காப்பாற்றுவதற்கு ஆயுதக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

1998இல் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய முதல் பால்டர்ஸ் கேட் இத்தகைய நுணுக்கத்துக்கு இடம் தரவில்லை. அதில் 25 தோழர்கள் இருந்தனர், அறுவர் கொண்ட குழு. ஆனால் பலருக்குச் சில வரி வசனமே உண்டு. பொறிகளைக் கண்டறியத் திருடர் ஒருவர் வேண்டும், காயம் ஆற்றக் குருமார் ஒருவர் வேண்டும் என்ற தேவையே தேர்வை நடத்தியது. கணவன் மனைவியான காலித், ஜஹீரா ஆகியோரில் ஒருவரை நீக்கினால் மற்றவரும் போய்விடுவார். குழுவின் நற்பெயர் மிக உயர்ந்தால் தீயோர் விலகுவர். குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் அனுபவம் பெறாது பின்தங்குவதால், முதலில் சேர்த்தவர்களோடே இறுதிவரை செல்லும் பழக்கம் உருவாயிற்று.

மூன்றாம் ஆட்டத்தில் குழு நால்வராகச் சுருங்கியது. முறைவைத்து ஆடும் போரில் ஒவ்வொரு கூடுதல் ஆளும் காத்திருப்பை நீட்டுவதால் இச்சுருக்கம் பொருந்துகிறது. ஆயினும் பத்துப் பேரில் மூவரை மட்டுமே உடன் அழைத்துச் செல்ல முடியும் என்ற கட்டாயம் பிறக்கிறது. முகாமில் இருப்போருக்கும் அனுபவம் சேரும் என்ற விதி அதன் வலியைக் குறைக்கிறது. விதர்ஸ் என்னும் எலும்புருவான முகாமாளரிடம் 100 பொன் கொடுத்தால் எந்தத் தோழரின் கிளாஸையும், அதாவது வீரர், குருமார், திருடர் என்ற தொழிற்பிரிவையும், மாற்றிவிடலாம் என்ற ஏற்பாடு மேலும் முக்கியமானது. இதனால் ஆடுபவர் பணிக்காக ஆளைத் தேடாமல், பிடித்த ஆளுக்குப் பணியை அளிக்கலாம். இதற்கும் ஒரு விலை உண்டு: ஷார் என்னும் இருள்தேவியின் பக்தையான ஷேடோஹார்ட் கோடரி சுழற்றும் முரடியாக மாறினாலும், அவள் பேசும் பேச்சு குருமாரின் பேச்சாகவே நீடிக்கிறது.

கருத்து ஒவ்வாதவர்கள் ஏன் ஒன்றாக நடக்கிறார்கள் என்ற பழைய கேள்விக்கும் இங்கே நேரான விடை உண்டு. தொடக்கத் தோழர்கள் அனைவரின் தலைக்குள்ளும் ஒரே வகை ஒட்டுண்ணிப் புழு செலுத்தப்பட்டிருக்கிறது. அது வளர்ந்தால் அவர்கள் கொடிய உயிர்களாக உருமாறுவர். நட்புக்கு முன்பே பொது அபாயம் அமைந்துவிடுவதால், லேசெலின் கடுமையும் கார்லாக்கின் இரக்கமும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார முடிகிறது. தலைவரின் ஒவ்வொரு முடிவுக்கும் அவர்கள் காட்டும் ஏற்பும் மறுப்பும் மறைவான கணக்காகச் சேர்ந்து, காதல், பிரிவு, துரோகம் என விளைகின்றன.

இக்கணக்கு எல்லாப் பாதைகளிலும் ஒரே சீராக இல்லை. முதற்பாகத்தில், துருயிட் துறவியரின் சோலையைக் கோப்ளின்களோடு சேர்ந்து அழிக்கும் வழியைத் தேர்ந்தவர் வில், கார்லாக், ஹால்சின் ஆகிய மூன்று தோழரை இழந்து, ஈடாக மின்தாரா என்னும் ஒருத்தியைப் பெற்றார். தீமைக்கு விளைவு இருக்க வேண்டும் என்ற கொள்கை நியாயமானதே. ஆனால் ஒரு பாதைக்கு உரிய மாந்தரும் கதைகளும் மற்றதைவிட மிகக் குறைவாக அமைவது தார்மிகத் தீர்ப்பைக் காட்டிலும் உழைப்புப் பங்கீட்டின் குறையாகவே படுகிறது. சோலையைக் காத்தவரும் மின்தாராவைச் சேர்த்துக்கொள்ளும் வழியைப் பின்னர் வந்த திருத்தங்கள் திறந்தன; சோலையை அழித்தவருக்கு நிகரான புதுத் தோழர் யாரும் வரவில்லை.

2023 நவம்பர் 30 அன்று வந்த ஐந்தாம் திருத்தம் தோழர் கதை, சமநிலை ஆகிய இரண்டு திசையிலும் ஒரே நாளில் நகர்ந்தது. ஒருபுறம், தோழர்கள் பிற்காலத்தில் மீண்டும் கூடும் நிறைவுக் காட்சி சேர்க்கப்பட்டது. மறுபுறம், ஒரே சேமிப்பை மட்டும் அனுமதித்து, பெரும் எதிரிகளுக்குச் சிறப்பு எதிர்வினைகளை அளித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பல தாக்கு ஊக்கங்களை வெட்டிய ‘ஹானர்’ முறை அறிமுகமானது. அம்முறையில் குழு முழுதும் வீழ்ந்தால் திரும்பிச் செல்ல வழியில்லை. தோற்றவர் அம்முறையைக் கைவிட்டுத் தொடரலாம், வென்றவருக்குப் பொன்னிறப் பகடை கிடைக்கும்.