கருஞ்சீரகமும் அதன் எண்ணெயும்: மருத்துவ, ஒப்பனைப் பயன்பாட்டு வரலாறு

முன்னுரை

மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் கடைகளில் ஒரே விதை இரண்டு பெயர்களில் விற்பனையாகிறது. மசாலைப் பொருள்களின் வரிசையில் அது ‘ஜிந்தான் ஹீத்தாம்’. மருந்துப் பொருள்களின் வரிசையில் ‘ஹப்பத்துஸ் சவுதா’. முதற்பெயர் சமையலறையைச் சார்ந்தது. மற்றது நபிமொழி மரபைச் சார்ந்தது. தமிழர் இரண்டையும் கருஞ்சீரகம் என்றே வழங்குவர். இவ்விதையின் எண்ணெய் இன்று குப்பிகளிலும் உறைமாத்திரைகளிலும் அடைக்கப்பட்டு, தலைமுடி உதிர்வு முதல் நீரிழிவு வரை அனைத்துக்கும் மருந்தாக விளம்பரம் செய்யப்படுகிறது. அவ்விளம்பரங்கள் எகிப்திய அரசர்களையும் கிரேக்க மருத்துவர்களையும் சித்தர்களையும் ஒருங்கே சான்றுக்கு அழைக்கின்றன. அச்சான்றுகள் உண்மையில் கூறுவன யாவை, அவை விதையைப் பற்றியனவா எண்ணெயைப் பற்றியனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரும் செடியும்

கருஞ்சீரகத்தின் தாவரவியற் பெயர் நைஜெல்லா சட்டைவா. இது ரனன்குலேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி. சீரகமோ அபியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே பெயரில் சீரகம் இருப்பினும் இது சீரக இனம் அன்று. பிறமொழிப் பெயர்களை நோக்கினால் இரு போக்குகள் புலப்படும். தமிழின் கருஞ்சீரகம், வடமொழியின் கிருஷ்ணஜீரகம், மலாயின் ஜிந்தான் ஹீத்தாம் ஆகியன ‘கரிய சீரகம்’ என்னும் பொருளின. அரபியின் அல்-ஹப்பத்துஸ் சவ்தா, பாரசீகத்தின் சியாஹ் தானா ஆகியன ‘கரிய விதை’ என்னும் பொருளின.

‘கரிய சீரகம்’ என்னும் பெயர்வகை மயக்கத்திற்கு இடந்தருவது. வங்கமொழியில் கலோஜீரே என்பது கருஞ்சீரகமே. இந்தியிலோ காலாஜீரா என்பது புனியம் பெர்சிக்கம் என்னும் வேறொரு செடியின் விதை. கருஞ்சீரகத்திற்கு அங்கு வழங்கும் பெயர் கலோஞ்சி. தமிழில் காட்டுச்சீரகம் எனப்படும் கசப்பு விதை சூரியகாந்திக் குடும்பத்தது. அதனை இந்தியில் காலிஜீரி என்பர். ஒரு மொழியின் மருத்துவக் குறிப்பை மற்றொரு மொழிக்குப் பெயர்ப்போர் சொல்லை மட்டும் பெயர்த்தால் மூன்று வெவ்வேறு செடிகளின் குணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டுவிடும்.

2. தொன்மைச் சான்றுகள்

இன்றைய துருக்கியிலுள்ள பொயாலி மேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஹிட்டைட் காலக் குடுவை ஒன்றில் கருஞ்சீரக விதைகள் கிடைத்துள்ளன. எகிப்தில், 1922இல் கண்டறியப்பட்ட துத்தன்காமன் கல்லறையின் தாவர எச்சங்களிடையிலும் இவ்விதைகள் இனங்காணப்பட்டன. இவ்வெச்சங்கள் விதைகளே என்பது கருதத்தக்கது. கிளியோபாட்ரா இவ்வெண்ணெயைப் பூசியே அழகு பேணினாள் என விளம்பரங்கள் கூறுகின்றன. அதற்குரிய பழைய ஏடு எதனையும் அவை காட்டுவதில்லை.

விரிவான எழுத்துச் சான்று கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் எழுதிய மருந்துப்பொருள் நூலில் உள்ளது. அவர் இதனை ‘மெலாந்தியோன்’ என்கிறார். விதையை நெற்றியில் பற்றிடுவது தலைவலிக்கும், காடியுடன் சேர்த்துப் பூசுவது தோலின் புள்ளிகளுக்கும் தடிப்புகளுக்கும், துணியில் முடிந்து முகர்வது நீர்க்கோவைக்கும் ஏற்றதென அவர் கூறுகிறார். சில நாள்கள் தொடர்ந்து பருகினால் சிறுநீர், மாதவிடாய், தாய்ப்பால் ஆகிய மூன்றையும் பெருக்கும் என்றும், அளவு மிஞ்சினால் உயிர்க்கு இறுதி விளைவிக்கும் எனச் சொல்லப்படுகிறது என்றும் எழுதுகிறார். எண்ணெய்களைப் பற்றிய பகுதியில் கருஞ்சீரக எண்ணெயையும் தனியே சுட்டி, முகத்தின் சொரசொரப்பைப் போக்கும் முள்ளங்கி விதை எண்ணெயின் ஆற்றலே இதற்கும் உண்டு என்கிறார். ஆகவே இவ்வெண்ணெயின் ஒப்பனைப் பயன்பாடு கற்பனையன்று. ஆனால் அது மேற்பூச்சாகவே பதிவாகியுள்ளது.

3. நபிமொழியும் அரபு மருத்துவமும்

கரிய விதையில் மரணம் தவிர்ந்த எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்னும் கருத்துடைய நபிமொழி, ஒன்பதாம் நூற்றாண்டில் இமாம் புகாரி தொகுத்த நூலின் மருத்துவ இயலில் இடம்பெறுகிறது. அவ்வறிவிப்பிலேயே இப்னு ஷிஹாப் என்பார் கரிய விதை என்பது ‘ஷூனீஸ்’ என விளக்கம் தருகிறார். எவ்விதை என்னும் ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது என்பதற்கு இவ்விளக்கமே சான்று.

அதற்கு முன் வரும் செய்தியில் பயன்படுத்தும் முறையும் கூறப்படுகிறது. ஐந்து அல்லது ஏழு விதைகளை நசுக்கி, எண்ணெயில் கலந்து, நோயாளியின் மூக்கில் இரு புறமும் துளித்துளியாக விடவேண்டும் என்பதே அம்முறை. இங்கு எண்ணெய் ஊடகம், விதையே மருந்து. பத்தாம் நூற்றாண்டு அறிஞர் அல்-கத்தாபி, ‘எல்லா நோய்’ என்னும் சொல் பொதுவாக அமைந்திருப்பினும் அது ஈரத்தாலும் குளிர்ச்சியாலும் வரும் நோய்களையே குறிக்கும் எனப் பொருள் கொண்டார். பதினைந்தாம் நூற்றாண்டு உரையாசிரியர் இப்னு ஹஜரும் இக்கருத்தை எடுத்தாள்கிறார். வரம்பற்றதாக இன்று பரப்பப்படும் கூற்றிற்குச் சமய அறிஞர்களே வரம்பு வகுத்தனர் என்பது மறக்கப்பட்டுவிட்டது.

1025ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தம் ‘கானூன்’ நூலில் இப்னு சீனா இவ்விதையை வெப்பமும் வறட்சியும் உடையதென வகுத்து, கோழையறுத்தல், மரு நீக்கல், தோலின் வெண்திட்டுகளுக்குப் பூசுதல் முதலிய பயன்களைக் குறிக்கிறார். வறுத்த விதையைத் துணியில் முடிந்து முகரும் முறை கிரேக்க நூலிலிருந்து அரபு நூலுக்குத் தொடர்ந்து வருகிறது.

4. தமிழ் மருத்துவச் சான்றுகள்

சென்னை மாகாணத்தில் மருத்துவப் பணியாற்றிய ஒயிட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையில் ஒரு மருந்துப்பொருள் நூலையும், 1826இல் அதன் விரிந்த பதிப்பை இலண்டனிலும் வெளியிட்டார். தமிழ் வைத்தியர்கள் கருஞ்சீரகத்தைச் செரியாமைக்கும் வயிற்று நோய்க்கும் வழங்கினர் என்றும், நல்லெண்ணெயில் கலந்து தோற்புண்களுக்குப் பூசினர் என்றும் அவர் பதிவுசெய்துள்ளார். தென்னிந்திய வழக்கிற்கு நாள்குறிப்புடன் கிடைக்கும் தெளிவான சான்று இது.

இருபதாம் நூற்றாண்டில் முருகேச முதலியார் தொகுத்த குணபாடம், கருஞ்சீரகத்தின் செய்கைகளாக அகட்டுவாய்வகற்றி, சிறுநீர்பெருக்கி, ருதுவுண்டாக்கி, பாற்பெருக்கி, புழுக்கொல்லி முதலியவற்றைக் கூறுகிறது. இவற்றுள் சிறுநீர், மாதவிடாய், தாய்ப்பால் என்னும் மூன்றும் டயாஸ்கொரிடீஸ் கூறிய மூன்றோடு முற்றும் ஒத்திருத்தல் வியப்பிற்குரியது.

இவ்வொற்றுமையை இரு வழிகளில் விளக்கலாம். கிரேக்க மருத்துவம் அரபு வழியே யுனானியாக இந்தியா வந்தது. அத்தொடர்பால் கருத்து பரவியிருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மருந்துநூல்களும் இதே வகைப்பாட்டைக் கையாண்டன. அகட்டுவாய்வகற்றி, சிறுநீர்பெருக்கி என்னும் செய்கைப் பெயர்கள் அந்நூல்களின் வகைச்சொற்களுக்கு ஒன்றுக்கொன்று ஈடாக அமைந்துள்ளன. சுவை, தன்மை, பிரிவு என்னும் சித்த மருத்துவப் பகுப்பு ஓரடுக்கு. செய்கைப் பட்டியல் மற்றோரடுக்கு. ஆகவே குணபாடத்தின் ஒவ்வொரு செய்தியையும் சித்தர் வாக்காகக் கொள்வது பொருந்தாது. அடுக்குகளைப் பிரித்தறிந்து பயன்படுத்துவதே முறை.

5. எண்ணெய் என்னும் சொல்லின் பொருள்மாற்றம்

மேற்கண்ட சான்றுகளில் கருஞ்சீரகமும் எண்ணெயும் சேர்ந்து வருமிடங்கள் இருவகை. நசுக்கிய விதையைப் பிறிதோர் எண்ணெயில் சேர்ப்பது ஒன்று; நபிமொழிச் செய்தியும் ஐன்ஸ்லி கண்ட தமிழ் வழக்கும் இதனைச் சாரும். விதையைப் பிழிந்தெடுத்த எண்ணெய் மற்றொன்று. டயாஸ்கொரிடீஸ் குறிப்பு இதனைச் சாரும். இரண்டும் பூசவோ மூக்கிலிடவோ பயன்பட்டன. உள்ளுக்கு வழங்கப்பட்டது விதையே. நாள்தோறும் கரண்டியளவில் பருகும் பிழிந்த எண்ணெய் இச்சான்றுகளில் இல்லை.

இவ்வேறுபாடு அளவைப் பொறுத்தும் முதன்மையானது. விதையின் எடையில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு நிலைத்த எண்ணெய். அதில் பெரும்பங்கு லினோலியிக் அமிலம். மணந்தரும் ஆவியெண்ணெய் மிகச் சிறுபங்கே. 1963இல் எல்-தகாக்னி பிரித்தெடுத்த தைமோகுயினோன் என்னும் பொருள் அவ்வாவியெண்ணெயில் உள்ளது. விதை விளைந்த இடம், பிழியும் முறை, சேமிப்பு ஆகியவற்றுக்கேற்ப அதன் அளவு மாறும். ஏழு விதைகளுக்குச் சொல்லப்பட்டதை ஒரு குப்பி எண்ணெய்க்கு ஏற்றிச் சொல்லுதல் இயலாது.

6. இன்றைய ஆய்வும் எச்சரிக்கையும்

இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ஈளை ஆகியன குறித்து மனிதரிடையே நடந்த ஆய்வுகள் சில, மிதமான நன்மையைக் காட்டியுள்ளன. அவற்றுட் பல சிறு எண்ணிக்கையினரிடம் குறுகிய காலம் நடந்தவை. அவை மருத்துவர் தரும் மருந்தை நிறுத்துவதற்கு ஆதாரமாகா. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உட்கொள்வோர் இவ்வெண்ணெயையும் சேர்த்துக் கொள்ளும்போது சர்க்கரையோ அழுத்தமோ மிகத் தாழக்கூடும். தோலில் பூசியவர்களுக்கு ஒவ்வாமைத் தோலழற்சி ஏற்பட்டமையும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. கருவுற்றோர் இதனை மருந்தளவில் உண்ணலாகாது என்பதை ருதுவுண்டாக்கி என்னும் பழஞ்சொல்லே உணர்த்துகிறது.

முடிவுரை

கருஞ்சீரகத்தின் பழம்பெருமை மெய். அது பெரும்பாலும் விதையின் பெருமை. எண்ணெயின் பழைய பயன் தோலளவில் நின்றது. கிரேக்க நூல் அளவு மிஞ்சுவதன் கேட்டைச் சொன்னது. அரபு உரையாசிரியர் ‘எல்லா நோய்’ என்பதற்கு எல்லை வகுத்தனர். தமிழ் வைத்தியர் நல்லெண்ணெயில் குழைத்துப் புண்ணில் இட்டனர். புகழை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையைக் கைவிடும் வாணிக மொழி, மரபைப் போற்றுவதாகத் தோன்றினும் அதனைப் பாதியாக்குகிறது. நோயுற்ற ஒருவர் அப்பாதியை நம்பித் தம் சிகிச்சையை நிறுத்துவாராயின் இழப்பு அவருடையது. ஆதலின் சித்த மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போரும் பிறமொழிக்குப் பெயர்ப்போரும் செடியின் தாவரவியற் பெயர், பயன்பட்ட உறுப்பு, கலந்த ஊடகம், உட்கொள்ளலா மேற்பூச்சா என்னும் நான்கையும் ஒவ்வொரு குறிப்பிலும் தெளிவுறுத்தல் வேண்டும். தமிழ் தெரியாத வைத்தியரிடமும் தமிழ் மட்டுமே தெரிந்த முதியோரிடமும் ஒரே சமயத்தில் பேசவேண்டிய புலம்பெயர் சமூகங்களுக்கு இத்தெளிவு முதன்மைத் தேவையாகும்.