லிங்கன் மண்டபத்துப் படிகள்

வாஷிங்டன் நகரிலே வெண்பளிங்கு மண்டபம் ஒன்று. உள்ளே 19 அடி உயரச் சிலையாக, ஆழ்ந்த நோக்குடன் வீற்றிருக்கிறார் ஆபிரகாம் லிங்கன்! மண்டபத்தைச் சுற்றித் தூண்கள் எத்தனை? 36. ஏன் 36? லிங்கன் மறைந்த 1865இல் அமெரிக்கக் கூட்டாட்சியிலே இருந்த மாநிலங்களின் எண்ணிக்கை அது. சிலையை வடித்தவர் யார்? டேனியல் செஸ்டர் பிரெஞ்ச். எந்தக் காசிலே இம்மண்டபம் இடம் பெற்றது? 1959 முதல் 2008 வரை அடிக்கப்பட்ட ஒரு சென்ட் காசிலே.

பொது அறிவுப் போட்டிகளிலே இத்தகைய வினாக்களைத் தொடுக்கிறோம். விடை பகர்ந்த மாணவனுக்குப் பரிசும் வழங்குகிறோம். தவறல்ல. ஆனால், தூண்களை எண்ணக் கற்றுத் தரும் நாம், அத்தூண்களின் முன்னே யார், எங்கே உட்காரவைக்கப்பட்டனர் என்று கேட்கக் கற்றுத் தருகிறோமா? அக்கேள்வியைக் கேட்டால், பளிங்கு பேசாத வரலாற்றைப் படிகள் பேசும்.

1922 மே 30. மண்டபத் திறப்பு விழா! குடியரசுத் தலைவர் ஹார்டிங் வந்திருந்தார். தலைமை நீதிபதி டாப்ட் வந்திருந்தார். லிங்கனின் மைந்தர் ராபர்ட்டும் வந்திருந்தார். கறுப்பின மக்களும் வந்தனர். வாராதிருப்பரோ? கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகள் இனி விடுதலை பெற்றோர் என்று 1863 ஜனவரி முதல் நாள் அறிவித்தவர் அல்லவா லிங்கன்! ஆனால், அவர்களுக்குக் கிடைத்த இடம் எது? வெள்ளையரோடு சேராத தனிப் பகுதி! அடிமைத் தளையை அறுத்தவருக்கு விழா. அந்த விழாவிலேயே நிறத்தின் பெயரால் வேலி! மனம் கொதித்துச் சிலர் எழுந்து வெளியேறினர்.

கறுப்பின மக்களின் சார்பிலே பேச, டஸ்கிகீ கல்வி நிலையத் தலைவர் ராபர்ட் மோட்டன் அழைக்கப்பட்டார். அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன் அவர். விடுதலைப் பணி இன்னும் முடியவில்லை என்று அவர் எழுதிய கூரிய பகுதிகளை, விழா நடத்தியோர் முன்கூட்டியே நீக்கச் செய்தனர். லிங்கனைப் புகழலாம், லிங்கன் விட்டுச் சென்ற வேலையை நினைவூட்டலாகாது! அன்றைய நாகரிகம் அது!

பதினேழு ஆண்டுகள் உருண்டோடின. மேரியன் ஆண்டர்சன் என்னும் இசையரசி, ஐரோப்பிய நகரங்களையெல்லாம் தம் குரலால் வென்று திரும்பியிருந்தார். வாஷிங்டனில் அவர் பாடப் பெரியதொரு அரங்கு தேவைப்பட்டது. ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ என்னும் சங்கம் தன் அரங்கைத் தர மறுத்தது. குரலிலே குறையா? இல்லை. நிறத்திலே கண்டனர் குறை! புரட்சியின் பெயரைத் தாங்கிய சங்கத்தின் போக்கு இது. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அச்சங்கத்திலிருந்து விலகினார். உள்துறை அமைச்சர் ஹெரால்டு இக்கிஸ் லிங்கன் மண்டபப் படிகளைத் திறந்துவிட்டார்.

1939 ஏப்ரல் 9. கூரையில்லாத அரங்கிலே 75,000 பேர்! கறுப்பரும் வெள்ளையரும் கலந்து நின்றனர். நாட்டுப்பற்றுப் பாடலொன்றுடன் தொடங்கிய ஆண்டர்சன், அதிலே ‘நான்’ என்றிருந்த இடத்தை ‘நாம்’ என்று மாற்றிப் பாடினார். ஒரே ஒரு சொல்! மோட்டனின் உரையிலிருந்து நீக்கியதையெல்லாம் அந்த ஒரு சொல் திருப்பித் தந்தது.

அப்போது அட்லாண்டாவிலே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். 1944இல், பதினைந்தாம் வயதிலே, ஜார்ஜியா மாநிலப் பேச்சுப் போட்டியொன்றில் அவன் ஆண்டர்சன் பாடிய அந்த நாளை எடுத்துரைத்தான். பேசிவிட்டுப் பேருந்திலே திரும்புகையில், வெள்ளையருக்காக அவனும் அவன் ஆசிரியையும் இருக்கையை விட்டு எழ நேர்ந்தது. ஊர் சேரும்வரை நின்றுகொண்டே வந்தனர். பாடம் சொல்லும் தொழிலிலே இருக்கும் நாம் அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கிறோம். சமத்துவம் பேசக் கற்றுத் தந்த ஆசிரியையும், பேசி முடித்த மாணவனும், இடமின்றி நிற்கிறார்கள்! அந்த மாணவன் மார்ட்டின் லூதர் கிங்.

1963 ஆகஸ்டு 28 அன்று, அதே படிகளிலே நின்று, ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள்முன் கிங் முழங்கினார். அன்றும் ஆண்டர்சன் பாடினார். மறு ஆண்டு, 1964இல், குடிமை உரிமைகள் சட்டம். 1965இல் வாக்குரிமைச் சட்டம்!

தோழர்களே! 1922இலும் தூண்கள் 36தான், 1963இலும் 36தான். சிலை எழுந்து வந்து எவருக்கும் இருக்கை தரவில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் வந்து நின்றார்கள்; பாடினார்கள்; பேசினார்கள். பளிங்குக்குப் பொருள் வந்தது!

தூண்களின் எண்ணிக்கையை மாணவர்க்குச் சொல்லுவோம். அதோடு இதையும் சொல்லுவோம்: பெரியோர் ஒருவருக்கு எங்கே விழா எடுத்தாலும், மேடையை மட்டும் பார்த்துத் திரும்பாதீர், கூட்டத்தின் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே உட்காரவைக்கப்பட்டவர் யார், ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை காணும் நாளே அப்பெரியோருக்கு உண்மையான திறப்பு விழா!