ஆபர்ன் சிறையும் தாமஸ் மாட் ஆஸ்பர்னும்: கைதிகளின் சுயாட்சி எழுந்து வீழ்ந்த வரலாறு, 1913–1929

நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு பெரிய வேலைத்தலங்கள் இருந்தன. ஒன்று, அறுவடை இயந்திரங்கள் செய்து நாடெங்கும் விற்ற டி. எம். ஆஸ்பர்ன் நிறுவனம். மற்றது, உயர்ந்த மதிலுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் வாய் திறவாமல் வேலை செய்த மாநிலச் சிறைச்சாலை. முதலாவதன் வாரிசாகப் பிறந்த தாமஸ் மாட் ஆஸ்பர்ன் (1859–1926), தன் ஐம்பத்து நான்காம் வயதில் இரண்டாவதற்குள் கைதி உடையில் நுழைந்தார். அதையடுத்து அவர் உருவாக்கிய ஏற்பாடு பதினாறு ஆண்டுகளில் ஆபர்னிலேயே கலைக்கப்பட்டது. கைதிகளை நம்பியதால்தான் அது தோற்றது என்று அன்று சொன்னவர்கள் உண்டு. சான்றுகள் வேறு காரணத்தைக் காட்டுகின்றன. அந்த நம்பிக்கை கடைசிவரை சிறைத் தலைவராக வந்தவரின் மனத்தைப் பொறுத்தே இருந்தது. சட்டத்தில் அது வேர் பிடிக்கவே இல்லை.

ஆஸ்பர்ன் எதிர்த்த முறைக்கு அவருடைய ஊரின் பெயரே வழங்கியது. 1821ஆம் ஆண்டின் இறுதியில் ஆபர்ன் சிறையில் எண்பது கைதிகளை வேலையும் கொடுக்காமல் முழுத் தனிமையில் அடைத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் புத்தி பேதலித்தது, சிலர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார்கள். அதன் பிறகு நிலைபெற்றதே ‘ஆபர்ன் முறை’: இரவில் தனிக் கொட்டடி, பகலில் பட்டறையில் கூட்டு வேலை, எந்நேரமும் மௌனம். எலாம் லிண்ட்ஸ் என்ற தலைவர் சவுக்கைக் கொண்டு இதை நடத்தினார். பட்டறை உழைப்பை ஒப்பந்தக்காரர்கள் விலைக்கு எடுத்ததால் சிறை வருமானமும் ஈட்டியது. 1831இல் அமெரிக்கா வந்த தோக்வில்லும் பொமோனும் இந்த முறையை ஆராய்ந்து எழுதினர். 1894ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு ஒப்பந்த உழைப்பைத் தடை செய்தது. கோடு போட்ட உடையும் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டி அடியெடுத்து வைக்கும் நடையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தன. பேசக் கூடாது என்ற விதி மட்டும் போகவில்லை.

ஆஸ்பர்னின் தாய்வழிப் பாட்டி மார்த்தா காஃபின் ரைட். பாட்டியின் சகோதரி லுக்ரீஷியா மாட். அடிமை ஒழிப்பிலும் பெண்ணுரிமையிலும் முன்னின்ற பெண்கள் இவர்கள். 1884இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற ஆஸ்பர்ன், 1886இல் தந்தை இறந்ததும் நிறுவனத்தின் தலைவரானார். பிறகு அந்தத் தொழில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1903 முதல் 1905 வரை ஆபர்ன் மேயராக இருந்தார். ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்தும் அதே கட்சியின் டாமனி ஹால் கோஷ்டியை அவர் விடாமல் எதிர்த்தார். அந்தப் பகை பின்னாளில் சிறைக்குள்ளும் அவரைத் தொடர்ந்தது. சுயாட்சி என்ற எண்ணம் அவருக்கு ஃப்ரீவில் என்ற ஊரில் இருந்து கிடைத்தது. அங்கே வில்லியம் ஜார்ஜ் 1895இல் தொடங்கிய ‘ஜூனியர் ரிபப்ளிக்’கில் சிறுவர் சிறுமியர் தாங்களே சட்டம் இயற்றி, நீதிமன்றம் நடத்தி வாழ்ந்தார்கள். அதன் நிர்வாகக் குழுத் தலைவராக ஆஸ்பர்ன் பல ஆண்டுகள் இருந்திருக்கிறார். முன்னாள் கைதி டொனால்ட் லௌரி 1912இல் வெளியிட்ட சிறை அனுபவ நூல் அவரைச் சிறைப் பக்கம் திருப்பியது.

1913இல் ஆளுநர் வில்லியம் சல்சர் அவரைச் சிறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக்கினார். அறிக்கை எழுதும் முன் உள்ளே இருந்து பார்ப்பது என்று ஆஸ்பர்ன் முடிவு செய்தார். செப்டம்பர் 28 ஞாயிறன்று சிறைத் தேவாலயத்தில் கைதிகளிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மறுநாள் உள்ளே போனார். பெயர் டாம் பிரவுன், எண் 33,333எக்ஸ். கொட்டடியின் அகலம் நான்கு அடி, நீளமும் உயரமும் ஏழரை அடி. கழிப்பிடமாக ஒரு வாளி. பகலில் கூடை பின்னும் பட்டறை. கைதிக்கு நாளொன்றுக்குக் கூலி ஒன்றரை சென்ட். கூலி கொடுத்துப் பழகிய முதலாளியை அந்தத் தொகை உறுத்தியிருக்கிறது. வேலையிலும் பொறுப்பிலும் மனிதனுக்கு அக்கறையே வராதபடி சிறை எப்படிச் செய்துவிடுகிறது என்ற கேள்வியே அவருடைய நூலில் திரும்பத் திரும்ப வருகிறது.

வாரக் கடைசியில் அவர் வேண்டுமென்றே வேலை செய்ய மறுத்து, கைதிகள் ‘ஜெயில்’ என்றழைத்த தண்டனை அறைக்கு அனுப்பப்பட்டார். ஒரு பக்கம் மின்சார நாற்காலி வைத்த மரணக் கூடம். மறுபக்கம் இரவும் பகலும் இரையும் டைனமோ. படுக்கை கிடையாது. ரொட்டியும், நாள் முழுவதற்கும் மூன்று கில், அதாவது சுமார் 350 மில்லிலிட்டர், தண்ணீரும் மட்டுமே. அங்கே இருட்டில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தவர்கள் அவரோடு பேசினார்கள். திருத்த முடியாதவர்கள் என்று நிர்வாகம் ஒதுக்கியவர்களிடம் அவர் கேட்ட அந்த அக்கறையான பேச்சு, ஆணையத்தின் எந்த ஆவணத்தையும்விட அவரை மாற்றியது என்றே நான் கருதுகிறேன். ‘சிறைச் சுவர்களுக்குள்’ என்ற அவருடைய நூல் (1914) இந்தப் பகுதியில்தான் மிகுந்த சூடுடன் எழுதப்பட்டிருக்கிறது. பத்திரிகைகள் சில இதைப் பணக்காரரின் விளையாட்டு என்று கேலி செய்தன.

கூடைப் பட்டறையில் அவரோடு சேர்ந்து வேலை செய்த ஜாக் மர்ஃபி என்ற கைதி முன்வைத்த யோசனையில் இருந்து பரஸ்பர நலச் சங்கம் உருவானது. பட்டறை வாரியாக ரகசிய வாக்கெடுப்பு நடத்தி 49 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். விதிகளை வகுத்தவர்களும் அவர்களே. 1914 பிப்ரவரி 12, லிங்கன் பிறந்த நாளில், சங்கம் முதன்முறையாகக் கூடியது. விதி மீறியவர்களைக் கைதிகளின் நீதிமன்றமே விசாரித்தது. அது கொடுத்த தண்டனை சங்கத்தில் இருந்து விலக்குதல். விலக்கப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், இசை, முற்றத்தில் விளையாட்டு எல்லாவற்றையும் இழந்தார். இந்த அமைப்பை உற்றுப் பார்த்தால் அதில் நகரமன்றத்தின் சாயல் தெரியும்: பட்டறையே வார்டு, பிரதிநிதியே கவுன்சிலர். மேயர் நாற்காலியில் கற்றதை ஆஸ்பர்ன் மதிலுக்குள் கொண்டுவந்தார். ஆபர்ன் சிறைத் தலைவர் சார்லஸ் ராட்டிகன் இசைந்து கொடுத்ததால் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

1914 டிசம்பர் 1 அன்று சிங் சிங் சிறையின் தலைவராகப் பொறுப்பேற்ற ஆஸ்பர்ன் சங்கத்தை அங்கும் வளர்த்தார். எதிர்ப்பு மூன்று திசைகளில் இருந்து கிளம்பியது: அதிகாரம் குறைந்த காவலர்கள், பழைய சலுகைகளை இழந்த செல்வாக்குள்ள கைதிகள், மாநிலச் சிறைத்துறைத் தலைவர் ஜான் ரைலி. 1915 டிசம்பரில் வெஸ்ட்செஸ்டர் மாவட்டப் பெருநடுவர் குழு அவர்மீது பொய்ச்சாட்சி, கடமை தவறுதல் என்று குற்றஞ்சாட்டியது. அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியும் அவதூறு சேர்க்கப்பட்டது. அவர் விலகி நின்ற மாதங்களில் கொலம்பியா சட்டக் கல்லூரியின் முன்னாள் முதல்வர் ஜார்ஜ் கிர்ச்வே பொறுப்பில் இருந்தார். அந்த இடைக்காலத்திலும் சங்கம் குலையவில்லை. ஆஸ்பர்ன் என்ற தனிமனிதரின் கவர்ச்சியால் மட்டுமே அது நின்றது என்ற வாதத்துக்கு இது வலுவான மறுப்பு. வழக்கு 1916இல் நீதிமன்றத்தில் நிற்காமல் விழுந்தது. ஜூலையில் திரும்பி வந்தவரைக் கைதிகள் கொண்டாடி வரவேற்றனர். ஆனால் மேலதிகாரிகளோடு இழுபறி ஓயவில்லை. அக்டோபரில் பதவி விலகினார்.

அடுத்த ஆண்டு கடற்படைச் செயலர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் போர்ட்ஸ்மவுத் கடற்படைச் சிறையை அவரிடம் ஒப்படைத்தார். துணைச் செயலராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் டாமனி எதிர்ப்புக் காலத்து நண்பர் என்பதால் ஆதரவுக்குக் குறைவில்லை. சங்கம் அங்கும் அமைந்தது. தண்டனை பெற்ற மாலுமிகள் பலர் மறுபடியும் பணிக்குத் திரும்பினர். 1920இல் ஆஸ்பர்ன் வெளியேறினார். அவர் ஒழுங்குபடுத்திய எதையும் கட்டாயமாகத் தொடரும் கடமை பின்னால் வந்தவர்களுக்கு இல்லை.

ஆஸ்பர்னின் குறையை இங்கேதான் பார்க்க வேண்டும். பேச்சிலும் எழுத்திலும் பொதுமக்களைத் தன் பக்கம் திருப்பிய அளவுக்குச் சட்டமன்ற உறுப்பினர்களைத் திருப்ப அவர் மெனக்கெடவில்லை. குடும்ப நிறுவனத்தில் தலைவர் சொன்னால் நடக்கும். அரசாங்கத்தில் ஒரு நடைமுறை நிலைக்க வேண்டுமானால் அது சட்டப் புத்தகத்தில் ஏற வேண்டும். சங்கத்துக்கு உரிமை தரும் சட்டம் இல்லாததால், புதிதாக வந்த தலைவர்கள் அதைக் கேளிக்கைக் குழுவாகச் சுருக்க முடிந்தது.

1926 அக்டோபர் 20 அன்று ஆஸ்பர்ன் ஆபர்ன் தெருவில் சரிந்து விழுந்து இறந்தார். 1929 ஜூலையில் ஆபர்ன் சிறையில் கலவரம் வெடித்தது, டிசம்பரில் இன்னொன்று. இரண்டாவதில் சிறைத் தலைவரைக் கைதிகள் பிணையாகப் பிடித்தனர். தலைமைக் காவல் அதிகாரி கொல்லப்பட்டார், கைதிகளும் பலர் மாண்டனர். நெரிசல், மாநிலத்தின் 1926ஆம் ஆண்டு பாம்ஸ் சட்டங்கள் விதித்த நீண்ட கட்டாயத் தண்டனைகள், மோசமான உணவு என்று காரணங்கள் இருந்தும், பழி சங்கத்தின்மீதும் விழுந்தது; ஆபர்னில் அது ஒழிக்கப்பட்டது. ஆஸ்பர்ன் வளர்த்த அமைப்புகள் இணைந்து 1930களின் தொடக்கத்தில் உருவான ஆஸ்பர்ன் அசோசியேஷன், சிறையில் இருப்பவர்களோடும் விடுதலையானவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் நியூயார்க்கில் இன்றும் வேலை செய்கிறது. சிறைத் தலைவர்கள் மாறினாலும் அது நிற்கிறது. அதன் நிர்வாகம் மதிலுக்கு வெளியே இருக்கிறது.